பிணமாக நடித்தவரைப் பார்க்கப் போன கதை

“…செத்தவராய் நடிச்சதுக்கே பரிசு குடுக்கினம் எண்டால், உயிரோடை இருக்கிறவராய் எனக்கு ஒருக்கால் நடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ அண்ணை. பிறகு பாப்பம் கையெழுத்தை” என்று புஷ்பம் சொல்லி முடித்தபோது, நான் இன்னும் இடக்காற் சப்பாத்தைக் கழற்றி முடிக்கவில்லை.

நான் லண்டனிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கிய வியாழக்கிழமை அது. எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதக் கடைசி. பனி உருகிச் சேறாகி, சேறு திரும்ப உறைந்து, பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன நிலக்கரி ஊர் முழுவதும் வழித்து நக்கிய பழைய பானை மாதிரிக் கிடந்தது. அகதி விடுதி முந்தி ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையாம். நாலாம் மாடியில் புஷ்பத்துக்கு ஒரு அறை, அறைக்குள் நாலு கட்டில், நாலு கட்டிலுக்கும் ஒரு யன்னல். “யன்னல் ஆளுக்குக் கால்வாசி. காத்து முழுசாய் வரும்” என்றாள்.

கனகரத்தினம் புஷ்பத்தின் கணவர். பாரிசில் இருக்கிறார். இந்தக் கலியாணத்தைப் பேசிச் செய்துவைத்தவன் நான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினவனுக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு: கலியாணம் நன்றாக ஓடினால் அது சாதகப் பொருத்தம், பிழையாய்ப் போனால் அது பேசினவன் பார்த்த வேலை. எண்பத்திமூன்று வைகாசியில் தாலி கட்டினார். எட்டுக் கிழமைதான், இரண்டு மாதம்கூட இல்லை, சேர்ந்து இருந்தார்கள். ஒன்பதாவது கிழமை கொழும்பில் கலவரம். கனகரத்தினம் வேலை செய்த கடை எரிந்தது. அவர் எப்படியோ பாரிசுக்குப் போனார். அதற்கு இரண்டு வருடம் கழித்து புஷ்பம் கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குக்குக் கடந்து, பிறகு அரசாங்கம் ஏற்றிவிட்ட ரெயினில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். ரெயினில் ஏறினால் பாரிஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடும். ஆனால் அவருக்குப் பிரான்சில் காகிதமே இல்லை; இவளுக்கு ஜெர்மனியில் காகிதம் அரைவாசி. இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழு ரிக்கற் வராது. மூன்றரை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடிதம் மட்டும் வரும். கனகரத்தினத்தின் கடிதங்களைப் பற்றிச் சொல்வதென்றால், மனிதர் பேனையைத் திறந்தால் மூடியைத் தேடமாட்டார். முதலாம் வருடம் பெரிய உணவுக்கடையில் மனேச்சர். இரண்டாம் வருடம் அதே கடையில் பங்குகாரர். கழுவின கோப்பையின் எண்ணிக்கையைத்தான் ஒருநாளும் எழுதியதில்லை. கூடவே ஒரு புகைப்படம் வரும்: யாரோ ஒருவரின் காரில் சாய்ந்துகொண்டு, காரின் சொந்தக்காரன் வருகிறானா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு.

ரொறன்ரோவில் இருக்கிற புஷ்பத்தின் தமையன் சிவபாலனுக்கு இது போதும் என்றாகிவிட்டது. தங்கையைக் கனடாவுக்கு எடுப்பதற்குப் படிவம் நிரப்பி, அதை எனக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியிலும் பிடித்தான். “அண்ணை, கட்டினது உங்கட வாயாலை. அவிழ்க்கிறதும் உங்கட கையாலை நடக்கட்டும். கையெழுத்தை வாங்கித் திங்கட்கிழமை தபாலிலை போட்டால் போதும்.” படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்று, ‘கணவரோடு’. மற்றது, ‘கணவரைப் பிரிந்து’. பிரிந்து என்ற பெட்டியில் பென்சிலால் மெல்லியதாக ஒரு சரி போட்டிருந்தான். தங்கைக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்ற பாசம்.

அதே கிழமை கனகரத்தினத்தின் கடிதமும் வந்தது. புஷ்பம் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தாள். ‘நான் நடித்த படத்துக்குப் பிரெஞ்சுத் தேசத்தின் பெரிய சினிமா விருது கிடைக்கப் போகிறது. சனிக்கிழமை பின்னேரம் ரெலிவிஷனில் காட்டுவார்கள். நான் மண்டபத்தில் நாலாவது வரிசையில் இருப்பேன். மஞ்சள் கழுத்துப்பட்டி. ஒன்றிலும் கையெழுத்து வைக்க முதல் என்னைப் பார்.’ படத்தில் அவருக்கு என்ன வேடம் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. ஆற்றங்கரையில் ஒதுங்கிய பிணம்.

“மூண்டரை வருசமாய் எழுதினதிலை ஒண்டு, ஒரேயொரு விசயம் உண்மையாய் இருக்கட்டும் அண்ணை” என்றாள் புஷ்பம். “சனிக்கிழமை அந்த மனிசன்ரை முகம் ரீவியிலை தெரிஞ்சால், பிரிஞ்சு இருக்கிறன் எண்டு எழுத மாட்டன். கனடா போனாலும் அவரின்ரை பேரையும் எழுதிக்கொண்டுதான் போவன். தெரியாட்டில் நீங்கள் பேனை தரத் தேவையில்லை. என்னட்டை இருக்கு.”

அன்று இரவுச் சாப்பாடு புளித்த கோவா, உப்பில் ஊறவைத்த முட்டைக்கோசு. அரசாங்கம் கிழமைக்கு இரண்டு தரம் அகதிகளுக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கும். அதில் கட்டாயம் ஒரு போத்தல் புளித்த கோவா, இரண்டு ரின் பன்றி ஈரல். கோவாவைப் புஷ்பம் மூன்று தண்ணீரில் அலசி, நான் லண்டனிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளும் காய்ந்த தேங்காய்ப்பூவும் போட்டு வறை ஆக்கினாள். ஜெர்மன்காரன் ஒருவன் அதைக் கண்டிருந்தால் பொலிசுக்குப் போயிருப்பான். எனக்கு இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. பன்றி ஈரல் ரின்னை அவள் தொடமாட்டாள். பெட்டி கொடுக்கிற மடலென் என்ற பெண் அதைச் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் வீட்டுக் கோழி முட்டையைக் கொடுப்பாளாம். மடலென் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில். கட்டினது இந்தப் பக்கத்து நிலக்கரித் தொழிலாளியை. மலைக்கு மேலே உள்ள அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பிரெஞ்சு அலைவரிசை எடுபடும். விடுதித் தொலைக்காட்சியில் ஜெர்மன் அலைவரிசையே மூக்கடைத்த மாதிரித்தான் பேசியது. மடலென் “சனிக்கிழமை வாங்கோ” என்று சொல்லிவிட்டாள்.

வரலாம். ஆனால் மடலெனின் வீடு பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. அகதி மனு போட்டவர் தன் மாவட்டத்தைத் தாண்டுவதற்குக் காகிதம் எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு மணி நேரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். யாழ்ப்பாணக் கச்சேரியில், எங்கள் அரசாங்க அலுவலகத்தில், இரண்டு மணி நேரம் காத்திருந்தால் ஊர் வம்பு முழுவதும் காதில் விழும். கடைசியில் அலுவல் முடியாவிட்டாலும் போனது வீணாகாது. இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவரில் ஒரு மணிக்கூடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர். சேட்டில் ஒரு சுருக்கமும் இல்லை, முகத்திலும் இல்லை. எனக்கு ஜெர்மன் தெரியாது. புஷ்பம் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

“எங்கே போகிறீர்கள்?”

“மலைக் கிராமத்துக்கு.”

“எதற்கு?”

“கணவரைப் பார்க்க.”

“கணவர் மலைக் கிராமத்திலா இருக்கிறார்?”

“இல்லை. பாரிசில்.”

“அப்படியென்றால் மலைக் கிராமத்துக்கு ஏன்?”

“அங்கேதான் அவர் தெரிவார்.”

மீசைக்காரர் பேனையைக் கீழே வைத்தார். புஷ்பம் முதலிலிருந்து தொடங்கினாள்: பிரெஞ்சுப் படம், விருது, நாலாவது வரிசை, மஞ்சள் கழுத்துப்பட்டி. மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். போவதற்கான காரணங்கள் வரிசையாக அச்சடித்துக் கிடந்தன: வைத்தியர், நீதிமன்றம், சமயப் பண்டிகை, இறுதிச்சடங்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. “பெட்டியில் அடங்காத காரணம் காரணமே இல்லை” என்றார். நான் அதைப் புஷ்பத்திடம் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். ஒரு தேசத்தின் தத்துவம் முழுவதும் ஒரு வரியில் கிடைப்பது எல்லா நாளும் நடக்கிற காரியமில்லை.

நாங்கள் எழும்பினோம். வாசல்வரை போனதும் கூப்பிட்டார். “உங்கள் கணவர் அந்தப் படத்தில் என்னவாக நடித்தார்?”

“பிணமாக.”

மனிதர் படிவத்தைத் திரும்பவும் குனிந்து பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அது சிரிப்பு என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. பேனையை எடுத்து, ‘இறுதிச்சடங்கு’ என்ற பெட்டியில் அளந்து வைத்த மாதிரி ஒரு சரி போட்டார். சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை. முத்திரை குத்திக் கையில் தந்து, முறைப்படி துக்கமும் விசாரித்தார்.

“உயிரோடை இருக்கிற மனிசனுக்குச் செத்தவீட்டுக் காகிதம்!” என்று புஷ்பம் வெளியே வந்து மூன்று தரம் துப்பினாள். தெருவில் துப்பக் கூடாது என்று ஒரு கிழவர் எங்களை ஏசிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையிலிருந்து வடை. நான் கொண்டுபோன கடலைப்பருப்பு முழுவதையும் ஊறப்போட்டு, விடுதிக் குசினியில் போத்தலை உருட்டி அரைத்தாள். அரைக்கிற வேகத்தைப் பார்த்தால் போத்தலுக்குக் கீழே கிடந்தது பருப்பு மாதிரித் தெரியவில்லை. “வெறுங்கையோடை ஒரு வீட்டுக்குப் போறதே அண்ணை? அதுவும் செத்தவீட்டுக்கு” என்றாள். இப்போது பகிடி விடுகிற அளவுக்கு வந்திருந்தாள். பகிடி விடுகிற பெண் பயந்துபோயிருக்கிறாள் என்பது என் அனுபவம்.

பின்னேரம் நாலரைக்குப் பஸ். சனிக்கிழமைகளில் அந்தப் பஸ் மலைக்கு ஏறாது என்பதைச் சாரதி எங்களை ஏற்றும்போது சொல்லவில்லை. சுரங்க வாசலில் இறக்கிவிடும்போது சொன்னார். “மேலே போகவேண்டுமென்றால் திங்கட்கிழமை வாருங்கள்.” அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு குரோதமும் இருக்கவில்லை. நல்ல நாளாக ஒன்றைத் தெரிந்து சொல்கிற சாத்திரியார் மாதிரித்தான் சொன்னார். ஊரில் என்றால் பத்துப் பேர் சேர்ந்து சத்தம் போட, பஸ் மலையென்ன, வீட்டு முற்றத்துக்கே வந்திருக்கும். இங்கே பஸ்ஸில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் அவர்கள் சாரதியின் பக்கம்தான் நின்றிருப்பார்கள்.

ஏறினோம். பாதி வழியில் என் வலது சப்பாத்தின் அடி வாயைத் திறந்துகொண்டது. அடி வைக்கும்போதெல்லாம் ‘சப், சப்’ என்று என்னோடு கதைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மாவட்ட எல்லைப் பலகை தெரிந்தது. நேரம் ஐந்து முப்பத்தைந்து. புஷ்பம் பலகைக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள்.

“என்ன பிள்ளை, மூச்சு வாங்குதே?”

“இல்லை அண்ணை. ஆறு மணி எண்டுதான் போட்டுக் கிடக்கு.”

“ஒரு காகங்கூட இல்லை. ஆர் பாக்கிறது? வா.”

“பிடிச்சால் நீங்கள் கடவுச்சீட்டைக் காட்டிப்போட்டு லண்டனுக்குப் போயிடுவியள். எனக்கு அன்ட்ராக் போயிடும்.” அன்ட்ராக் என்றால் அவளுடைய அகதி மனு. இரண்டு வருடமாக அந்த மனுவை ஒரு காய்ச்சற்காரப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே நின்றோம். இருபத்தைந்து நிமிடம், உறைந்த சேற்றில், வடைப் பையோடு. குளிர் தாங்காமல் நான் பலகைக்கு அந்தப் பக்கம் நடந்தேன். திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். நாலு தரம் இப்படி மாவட்டத்தை மாற்றிய பிறகுதான் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை எனக்கு விளங்கியது. வெட்கப்பட்டு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உழவு யந்திரத்தில் வந்த ஒருவன் நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். “இல்லை, நேரம் வரட்டும் எண்டு நிக்கிறம்” என்றாள் புஷ்பம். எங்கள் ஆட்களில் ஒருவன் என்றால் எங்கள் இருவருக்கும் தண்ணீர் தெளித்துப் பார்த்திருப்பான். இவன் தன் மணிக்கூட்டைப் பார்த்து, “இன்னும் பதினொரு நிமிடம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மடலெனின் வீட்டில் அடுப்புச் சூடு, வெங்காயம் வதங்கிய மணம். அவளுடைய புருசன் வேர்னர் கதவளவு ஆள். கை இரண்டும் மண்வெட்டி. நகத்துக்குள் கரி நிரந்தரமாகக் குடியிருந்தது. வடையை ஒன்று வாய்க்குள் போட்டு, அதில் கிடந்த செத்தல் மிளகாயையும் சேர்த்துக் கடித்து, கண்ணீர் வழிய வழிய “நல்லது” என்று இன்னொன்றை எடுத்தான். மனிதர்களை அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குக் கிடைத்ததில்லை. மடலென் முட்டையும் வெங்காயமும் பரப்பிச் சுட்ட ஒரு பெரிய பணியாரத்தை வெட்டி வைத்தாள்.

பிறகு வேர்னர் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் நின்று ஒரு சின்ன அறிவிப்பு விட்டான். புஷ்பம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் சுருங்கியது.

“பிரெஞ்சுக்காரன் மற்றவையளோடை ஒத்துப்போகக் கூடாது எண்டு தனக்கெண்டு ஒரு மாதிரி ரெலிவிஷன் செய்து வைச்சிருக்கிறானாம் அண்ணை. இவையின்ரை பெட்டியிலை அவன்ரை படம் மட்டும் வருமாம். நிறமும் வராது, சத்தமும் வராது.”

படத்துக்கு எல்லை தாண்ட அனுமதி கிடைத்திருக்கிறது. நிறத்துக்கும் சத்தத்துக்கும் காகிதம் சரியில்லை. எனக்குப் புதினமாக இருக்கவில்லை. “மஞ்சள் கழுத்துப்பட்டி எண்டு எழுதினவர்” என்றாள் புஷ்பம். திரையில் மண்டபம் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் சாம்பல் நிறக் கழுத்துப்பட்டி.

சத்தமில்லாமல் ஒரு விருது விழாவைப் பார்ப்பது ஒருவனுக்கு ஆயுளில் ஒருமுறை கிடைக்க வேண்டிய ஞானம். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர் வருகிறார். ஒரு கடித உறையை வயிற்று ஒப்பரேஷன் மாதிரிப் பிரிக்கிறார். வாய் அசைகிறது. மண்டபத்தில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்து ‘நானா?’ என்று பக்கத்தில் பார்க்கிறாள். தான்தான் என்று தெரிந்து முடி கட்டிக்கொண்டு வந்தவள். தோற்ற நாலு பேரும் பாகற்காய்ச் சாறு குடித்த முகத்தோடு கைதட்டுகிறார்கள். கதிரையிலிருந்து மேடைக்கு இருபது அடி தூரம். அதற்குள் முப்பது பேரைக் கொஞ்சுகிறாள். அழுகிறாள். பரிசைக் கொடுக்கிறார்கள். அது பழைய இரும்புக் கடையில் நெரித்து வைத்த துண்டு மாதிரி ஒன்று. அதையும் கொஞ்சுகிறாள்.

வேர்னர் வாயில் வடையோடு ஏதோ சொன்னான். புஷ்பம் சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்: “இதைவிட நல்ல கட்டி நான் ஒவ்வொரு நாளும் நிலத்துக்குக் கீழை இருந்து எடுக்கிறன், என்னை ஒருத்தரும் கொஞ்சேல்லை எண்டுறார்.” மடலென் கரண்டிக்காம்பால் அவன் தோளில் ஒன்று போட்டாள். அவளுக்கு இது விளையாட்டில்லை. எல்லாருடைய முகமும் அவளுக்குத் தெரியும். இவன் அவளை விட்டுவிட்டான், அவள் இவனோடு இருக்கிறாள் என்று சத்தம் இல்லாத குறையைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பாராட்டு விழாவில் தலைமையுரை ஒரு மணி நேரம், ஆசியுரை முக்கால் மணி நேரம், பாராட்டப்படுபவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது அவர் நித்திரை. இங்கே உரை குறைவு, அழுகை கூட. எது மேல் என்று கேட்டால், போர்வையாவது மிஞ்சும், எங்களுடையதுதான் மேல் என்பேன்.

ஒரு கட்டத்தில் மடலென் “உன்ரை படம்!” என்று புஷ்பத்தின் கையைப் பிடித்தாள். திரையில் ஒரு ஆறு. கரையில் பொலிஸ்காரர்கள். தார்ப்பாயால் மூடிய ஏதோ ஒன்று. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கை. நான் பேசின மாப்பிள்ளையின் கையைப் பிரெஞ்சுத் தேசம் முழுவதும் பார்க்கிறது!

“இதுதான் அவர், பிள்ளை!”

“கை எல்லாருக்கும் இருக்குத்தானே அண்ணை.”

“நிறத்தைப் பாரன்.”

“சாம்பல்.”

அந்தப் படத்துக்கு ஏதோ ஒரு பரிசு கிடைத்தது. பதினொரு பேர் மேடைக்கு ஏறினார்கள். நான் ஒவ்வொருவராக எண்ணினேன். பதினொன்றும் வெள்ளைக்காரர். நாலாவது வரிசையைக் காட்டினபோது அங்கே இருந்தவர்களுக்குத் தலையில் மயிரே இல்லை. கனகரத்தினத்துக்குத் தலைமயிர் மட்டும்தான் ஆஸ்தி. பணியாரம் புஷ்பத்தின் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

“இன்னும் நன்றியுரை இருக்கு” என்றேன். இதை நான் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை; முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். எந்த விழாவும் நன்றியுரை இல்லாமல் முடியாது. ஒலிபெருக்கி தந்தவர், கதிரை தந்தவர், தேத்தண்ணி ஊற்றினவர், வாழை வெட்டிக் கட்டினவர் என்று ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. விடுபட்டால் அடுத்த வருடம் கதிரை வராது. அப்படியென்றால் பிணமாகக் கிடந்தவரையும் கூப்பிடத்தானே வேண்டும்? புஷ்பமும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விழாக்களில் கடைசிவரை இருந்து வளர்ந்தவள். “ஓம், நன்றியுரையை மறந்துபோனன்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருவரும் காத்திருந்தோம். பெரிய பெரிய பரிசெல்லாம் கொடுத்து முடிந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் நிகழ்ச்சி இனித்தான் என்று இருந்தோம்.

மேடையில் எல்லாரும் கூடி நின்று கையசைத்தார்கள். எழுத்து ஓடத் தொடங்கியது.

“நீங்கள் எதுக்குக் காத்திருக்கிறியள்?” என்று மடலென் கேட்டாள். புஷ்பம் விளக்கினாள். மடலென் முதலில் சிரித்தாள். பிறகு புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “பரிசு எடுத்தவர்கள் தங்கள் தங்கள் தாய்க்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கதிரைக்கு யார் சொல்வது?”

புஷ்பம் கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தாள். “காகிதத்தைத் தாங்கோ அண்ணை.”

நான் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, எடுக்கக்கூடிய அளவு மெதுவாக எடுத்தேன். மேசையில் வடைத்தட்டைத் தள்ளிவிட்டு விரித்தாள். வேர்னர் எழும்பித் தொலைக்காட்சியை நிற்பாட்டப் போனான். “பொறு, உடுப்புகளைப் பார்க்க வேணும்” என்று மடலென் தடுத்தாள். திரையில் இப்போது மண்டப வாசல். பாரிசில் மழை. நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் காருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நடிகை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பேசினாள். அவளுக்கு மேலே ஒரு பெரிய குடை. குடையைப் பிடித்திருந்தவன் அவளைவிடக் கட்டை. கையை முழுவதும் உயர்த்தி, தான் வெளியே நின்று நனைந்துகொண்டிருந்தான். சேவகர் போடுகிற நீளக் கோட்டு.

“போதும்” என்று வேர்னர் திருகியில் கை வைத்தான்.

“நில்லுங்கோ!” என்று புஷ்பம் தமிழில் கத்தினாள். மனிதனுக்கு விளங்கியது, கையை எடுத்துவிட்டான்.

“அந்தக் குடைக்காரன். அண்ணை, அங்கை, காலைப் பாருங்கோ. வலக்காலைத் தூக்கி இடக்காலின்ரை பின்பக்கத்தைச் சொறியிறார். பொய் ஒண்டைச் சொல்லிப்போட்டு நிக்கேக்கை அப்பிடித்தான் செய்யிறவர்.”

எனக்குக் கனகரத்தினத்தை இருபது வருடமாகத் தெரியும். அவருடைய காலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டுக் கிழமையில் இவள் எதை எதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்!

குடைக்காரன் தலையை நிமிர்த்தினான். தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கமெராவை நேரே பார்த்தான். கனகரத்தினமேதான். பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்த மும்முரத்தில் குடை சரிய, குடைமேல் தேங்கிய தண்ணீர் முழுவதும் நடிகையின் வெறுங்கழுத்தில் ஊற்றியது. அவளுடைய வாய் ஆவென்று திறந்ததை நாங்கள் கண்டோம். சத்தம் பிரான்சிலேயே நின்றுவிட்டது. கனகரத்தினம் குடையை நிமிர்த்தவில்லை. கமெராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஒரு கார், வேறு ஒரு ஆள்.

வேர்னர் தொடையில் தட்டிச் சிரித்தான். மடலென் “ஐயோ, வேலை போய்விடும்” என்றாள். புஷ்பம் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

“மெலிஞ்சு போனார்” என்றாள்.

நான் படிவத்தின் மேல் கிடந்த வடைத்துகளைத் தட்டிவிட்டேன்.

“மனேச்சர் எண்டவர்.”

“ஓம் பிள்ளை.”

“நாலாவது வரிசை எண்டவர்.”

“ஓம்.”

“தெரிவன் எண்டவர்.” இதற்கு நான் ஓம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மடலெனிடம் அழிறப்பர் கேட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லை. மடலென் பாண் துண்டு ஒன்றின் நடுவை நுள்ளி உருண்டையாக்கிக் கொடுத்து, தேய்த்துக் காட்டினாள். தமையனின் பென்சில் சரி பாணோடு ஒட்டிக்கொண்டு போனது. மற்றப் பெட்டியில் பேனையால் பெரிதாக ஒரு சரி போட்டாள். கணவர் பெயர் என்ற இடத்தில், இருந்த கோட்டுக்குள் அடங்காமல், முழுப் பெயரையும் எழுதினாள். அடுத்தது தொழில். அங்கே பேனை நின்றது.

“அண்ணை, நடிகர் எண்டதுக்கு இங்கிலீசிலை என்னென்ன எழுத்து வரும்?”

“பிள்ளை, மனிசன் குடை…”

“நான் கேட்டது எழுத்தை.”

ஐந்து எழுத்தையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வடிவாக, பெரிய எழுத்தில் எழுதினாள். கீழே கையெழுத்து வைத்தாள். நான் கையை நீட்டினேன். தபாலில் போட வந்தவன் நான்தானே. அவள் படிவத்தை நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறிப்போன பணியாரத்தை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.